ஏழு காலடிகள்

எங்கோ தொலைவில் நிலம் நடுங்கினாலும் அதன் மேற்பரப்பு அலை வேலூர் வரை வந்து வீட்டுத் தரைகளை மெல்ல அசைத்துவிட்டுப் போகும். தரைக்கடியில் இருக்கும் கருவிகள் அதைப் பதிவு செய்யும். அந்த அசைவின் உயரத்தைக் கொண்டுதான் நடுக்கத்தின் அளவைக் கணித்தார்கள். பதிவுகளிலிருந்து மனிதர்களின் காலடிகளை நீக்கிக் கொடுப்பது மரகதத்தின் வேலை.

இன்று காலை அவள் வேலைக்கு வந்தபின் ஏற்பட்ட நடுக்கத்தில் அவள் வீட்டுப் பதிவே அவளிடம் வந்தது. நீண்ட அலையின்மேல் காலடிகள் குத்திட்டு நின்றன. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு ஏழு, திரும்ப ஏழு. வாசல் பக்கம் ஒன்றுகூட இல்லை. அவள் கணவர் தணிகாசலத்துக்குக் கால்கள் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது.

எல்லாவற்றையும் நீக்கினாள். அளவு ஆறு புள்ளி எட்டு என்று வந்தது.

மாலையில் கேட்டாள். "யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வரப்போறா? போட்டது போட்டபடி கெடந்தேன்."

"காலையில நிலநடுக்கமாம். தெரிஞ்சுதாங்க?"

"நீ வேற. எனக்குக் காலு இருக்கறதே தெரியல."

அவர் சிரித்தார். அவள் காப்பியை ஆற்றினாள். வழக்கமாக அவர் கையில் கொடுப்பவள், இன்று ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆவி அடங்கும்வரை இருவரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.