கரை உடையும் இடம்

ஆற்றங்கரையைப் பராமரிக்கும் வேலையை நீர்நாய் மருதப்பன் எடுத்து நடத்திவந்தார். வனப் பல்கலைக்கழகம் குமுதா என்ற தவளையை அவரிடம் ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சியை ஒழுங்காக முடித்தால்தான் அவளுடைய பட்டப் படிப்புக்கு கிரெடிட் கிடைக்கும்.

"எடுபிடி வேலைக்கு ஆள் கிடைச்சாச்சு, அண்ணே" என்றார் கூட்டாளிக் கொக்கு வெள்ளைச்சாமி.

"படிக்க வந்த பிள்ளைய்யா அது" என்றார் மருதப்பன். கிழக்குக் கரையை அளந்து கவனிக்கும் பொறுப்பை அவளிடமே விட்டார். வாரம் ஒருமுறை அவளோடு உட்கார்ந்து, அவள் எழுதிய குறிப்புகளை வரி விடாமல் படித்தார்.

நான்காவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போல மேற்குக் கரையைப் பலப்படுத்தக் கிளம்பினார் கொக்கு. குமுதா தயங்கித் தயங்கி வந்தாள்.

"சார், இந்தத் தடவை கிழக்கேதான் உடையும். மூணு நாளா உள்ளே மண் இளகிட்டே வருது."

மருதப்பன் குவித்து வைத்திருந்த மண்ணைத் திரும்பிப் பார்த்தார். இருந்த மண் ஒரு பக்கத்துக்குத்தான் போதும். அவள் சொன்னது தப்பானால் மேற்கே உள்ள முயல் வளைகள் மொத்தமும் போய்விடும். குறிப்புகளை இன்னொரு தடவை பார்த்தார்.

"கிழக்கேயே போடுங்க" என்றார்.

மறுநாள் மதியம் அவள் குறித்திருந்த இடத்திலேயே பழைய கரை பிளந்தது. புதிதாகப் போட்ட மண்தான் வெள்ளத்தைத் தாங்கி நின்றது.

பயிற்சி முடிந்ததும் பல்கலைக்கழகப் படிவத்தில் மருதப்பன் எழுதினார்: 'கரை எங்கே உடையும் என்று இவள் சொன்னாள். நாங்கள் அதன்படி செய்தோம்.'

எட்டிப் பார்த்த வெள்ளைச்சாமி, "கீழே என் கையெழுத்தும் இருக்கட்டும், அண்ணே" என்றார்.