குளத்துப் படம்

"அந்தக் கண்ணாடி எங்க இருக்கு, மிஸஸ் கில்ரே? மரியாதையா கேக்கும்போதே சொல்லிடுங்க."

தொப்பியைக் கழற்றாமலே ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார் க்ளெமன்ட் வாட்லி. மூரங்கா ஊரில் பாதி நிலம் அவருடையது. பின்னால் அவருடைய மேற்பார்வையாளன் டஃபி, கையில் கோடரியோடு.

ஐடா கில்ரே நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"எந்தக் கண்ணாடி? என் வீட்டுக்காரர் சாகுற வரைக்கும் இந்த ஊரைப் படம் எடுத்தவர். எடுத்ததெல்லாம் கண்ணாடித் தகட்டுலதான். உங்க கல்யாணம் வேணுமா? இல்ல, பரிசு வாங்கின உங்க செம்மறிக்கடா வேணுமா? ரெண்டுலயும் ஒரே முறைப்புதான்."

டஃபிக்கு வந்த சிரிப்பு இருமலாக மாறியது.

"குளத்துப் படம்," என்றார் வாட்லி.

அவளுக்குத் தெரியாதா என்ன! ஊரில் வேறு பேச்சே இல்லை. மழை பொய்த்து இது இரண்டாவது கோடை. மிஞ்சியிருந்த ஒரே குளத்தைச் சுற்றி வாட்லி முள்கம்பி போட்டுவிட்டார். அப்பா வெட்டிய குளமாம், சொந்தச் சொத்தாம். கீழ்ப்பக்கத்துச் சிறு விவசாயிகளின் மாடுகள் நின்ற இடத்திலேயே செத்து விழுந்தன. எல்லாருக்கும் முன்பிருந்தே அந்தக் கரையில் வாழ்ந்துவந்த பூர்வகுடிகளைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டியாயிற்று.

குளம் யாருக்கு என்று இன்று பிற்பகல் நில ஆணையர் தீர்ப்புச் சொல்லப்போகிறார். எதிர்த்துக் காட்ட இருந்த ஒரே சாட்சி, ஐடாவின் கணவன் எடுத்த அந்தப் படம். கரையில் பூர்வகுடிகளின் குடிசைகள், தண்ணீர் குடிக்கும் ஊர் மாடுகள், 'பொது நீர்நிலை' என்று அரசாங்கம் நட்ட பலகை. பலகையில் சாய்ந்துகொண்டு நிற்பவர் வாட்லியின் அப்பா. ஊரில் இருந்த அச்சுப் படங்களையெல்லாம் வாட்லி எப்போதோ வாங்கி எரித்துவிட்டார். மூலத் தகடு மட்டும்தான் பாக்கி.

"அது இந்த வீட்டுல இல்ல," என்றாள் ஐடா.

"பொய்."

"அப்போ தேடிக்கோங்க."

டஃபி முதல் பெட்டியைப் பிளந்தான். ஒவ்வொரு தகடாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாட்லி தரையில் போட்டார். விக்டோரியா ராணியின் பொன்விழா ஊர்வலம் உடைந்தது. ரயில் முதன்முதலாக வந்த நாள் உடைந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உடைந்தார்கள்.

படம் எடுக்க வருகிறவர்களிடம், "அசையாதீங்க, மூச்சைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள் ஐடா. இப்போது அதைத் தன் முகத்துக்கே சொல்லிக்கொண்டாள்.

அவள் கணவன் இந்த மனிதருக்குப் பயந்தவன். இவர் கைகாட்டிய பக்கம் கேமராவைத் திருப்பியவன். அவனோடு இருட்டறையில் நின்று நின்று, அந்தப் பயம் தன்னுடையதும்தான் என்று நம்பியிருந்தாள். இப்போது உள்ளே தேடிப் பார்த்தாள். அங்கே இருந்தது பயமில்லை, கோபம். இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"பார்த்து. அதுல உங்க அம்மா இருக்காங்க," என்றாள்.

வாட்லியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் போட்டார்.

"பேஷ்! பரண்லயும் பெட்டி இருக்கு. கொட்டகையிலயும் இருக்கு. அவசரப்படாம ஒவ்வொண்ணா பாருங்க. அப்புறம் எதையோ விட்டுட்டோம்னு ராத்திரி தூக்கம் வராது."

"வாயை அடக்கு! நாளைக்கு இந்த ஊர்ல உனக்குக் கடை இருக்காது."

"'நீங்க' போய் 'நீ' வந்தாச்சா? கடை போகட்டும். உங்க கம்பியும் போகும்."

பரணிலிருந்த பெட்டிகளை இறக்கினார்கள். கொட்டகையைக் காலி செய்தார்கள். சூரியன் உச்சிக்கு வந்தபோது ஸ்டூடியோத் தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லுகள். டஃபியின் கையில் ரத்தம். அவனிடம் ஒரு துணியை எறிந்தாள் ஐடா. "இந்தா, கட்டிக்கோ. உன் பொண்ணோட ஞானஸ்நானப் படமும் இந்தச் சில்லுலதான் கிடக்கு."

அவன் தலை குனிந்தான்.

வாட்லி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தகடு பாக்கியில்ல. அந்தப் படமும் என் கண்ணுல படாமலே இதுல உடைஞ்சிருக்கும். இனிமே எதைக் காட்டி ஜெயிப்பே?"

"ஆணையர் உங்க வீட்டுலதானே தங்கியிருக்கார்?"

"ஆமா. இந்நேரம் பெரணிச்செடிகளுக்கு நடுவுல உக்காந்து என் மனைவி கையால டீ குடிச்சிட்டிருப்பார். நீ கூப்பிட்டா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்."

ஐடா முதன்முறையாக எழுந்து நின்றாள்.

"திரும்பவே வேண்டாம். டீ குடிக்கிற இடத்துல அண்ணாந்து பார்த்தா போதும்னு ஆணையருக்கு விடியக்காலையிலயே சொல்லி அனுப்பிட்டேன். போன குளிர்காலத்துல உங்க சம்சாரத்தோட பெரணிச்செடிக்குக் கண்ணாடிக் கூரை போட, என் பழைய தகடுகளை மலிவா அள்ளிட்டுப் போனீங்களே! படத்தைச் சுரண்டிட்டுத் தரேன்னதுக்கு, 'அதுக்கெல்லாம் நேரமில்ல, வெயிலே அழிச்சுடும்'னீங்களே! அழியல மிஸ்டர் வாட்லி. நீங்க இங்க உடைச்சுட்டிருந்த நேரமெல்லாம் உங்க அப்பா அந்தப் பலகையில சாய்ஞ்சுக்கிட்டு, ஆணையர் தலைக்கு மேலதான் நிக்கிறார்."