தூசியை விரட்டிய நட்சத்திரம்

வெகு தொலைவில், அடர்ந்த தூசிக்கு நடுவே ஒரு நட்சத்திரம் பிறந்தது. பிறந்தது முதல் அது ஒளியை வீசிக்கொண்டே இருந்தது. தூசியோ அத்தனையையும் விழுங்கி, வெறும் சூடாக வெளியே விட்டது.

"என் ஒளியைத் தின்னாதே. யாராவது என்னைப் பார்க்க வேணாமா?" என்றது நட்சத்திரம்.

"பெரிய அழகி! தின்னுட்டுச் சும்மாவா இருக்கேன்? சூடாக்கி அனுப்பிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அந்தச் சூட்டுல என் முகம் எங்க இருக்கு?"

தூசி தின்றுகொண்டே இருந்தது. நட்சத்திரம் பல காலம் மூச்சைப் பிடித்து ஊதி ஊதி அதை விரட்டியே விட்டது. பிறகு பளபளவென்று காத்து நின்றது.

தூரத்தில் ஒரு தொலைநோக்கி இருந்தது. அதற்கு ஒளி தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். தூசியிலிருந்து வரும் சூட்டை வைத்தே, உள்ளே இத்தனை நட்சத்திரங்கள் என்று கணக்கிடும்.

"போன தடவையைவிட ஒண்ணு குறையுதே," என்றது அது, பக்கத்திலிருந்த கணினியிடம்.

"ஒண்ணுதானே, விடு," என்றது கணினி.

நட்சத்திரம் இன்னும் காத்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. கடைசியில், "தூசி, இருக்கியா?" என்று மெதுவாகக் கூப்பிட்டது.

சண்டைக்கு வரக்கூட அங்கே யாரும் இல்லை.