எலி கவிழ்த்த சீட்டு

நரியின் குகையில் மூணு சீட்டு ஆட்டம். பந்தயம் வேர்க்கடலை. கொண்டுவந்ததையெல்லாம் தோற்ற முயல் ஓரமாக உட்கார்ந்திருந்தது. எலியிடம் மிஞ்சியது, குட்டிகளுக்கென்று தனியாக முடிந்து வைத்திருந்த கடலைதான்.

"அந்த முடிச்சையும் அவிழ், மாப்ளே. இந்த ஆட்டம் உனக்குத்தான்" என்றது நரி.

எலி தன் மூன்று சீட்டையும் பார்த்தது. கவிழ்த்து, மேலே காலை வைத்துக்கொண்டது.

"நான் கிளம்புறேன், மாமா."

"பயந்தாங்கொள்ளி! பொண்டாட்டி அடிப்பாளா?"

"அடிப்பா. அடி வாங்கவும் வீடு போய்ச் சேரணுமே."

கையில் கடலையோடு யாரும் அந்தக் குகையைவிட்டு எழுந்ததில்லை. நரிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அப்படி என்ன சீட்டு? காட்டிட்டுப் போ."

"பார்க்கணும்னா கடலை கட்டணும். நீங்க போட்ட சட்டம்தானே?"

நரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பிடி கடலையைத் தள்ளியது. எலி அதை முடிந்துகொண்டு காலை எடுத்தது. ரெண்டு, அஞ்சு, ஒன்பது. ஒன்றுக்கும் உதவாத சீட்டு.

"உட்காருடா! இன்னும் ஒரே ஒரு ஆட்டம்!" நரி கத்தியது.

"நீங்க ஆடுங்க, மாமா" என்று எலி வெயிலில் இறங்கியது. முயலும் எழுந்து பின்னாலேயே போனது.