மாமியாரைத் தொடாதீங்க, சார்!

"மாமியாரைத் தொடாதீங்க, சார்!" என்றாள் கணக்கு எழுதும் பெண்.

கம்ப்யூட்டர் நிபுணர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேர்ந்து ஒரு வாரம்தான். அதற்குள் அந்த ஆபீசில் அவர் வாயில் விழாத ஆள் பாக்கி இல்லை. ஆமை வேகத்தில் ஓடும் சர்வரை, வெளியூர் போன முதலாளி திரும்புவதற்குள் சரிசெய்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கறுப்புத் திரையில், உள்ளே ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. வேண்டாதவற்றை நிறுத்திக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் மேலே 'மாமியார்'.

"எந்த மேதாவி வெச்ச பேரு இது?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர், சார்."

"அதானே பார்த்தேன்! பாதி சர்வரை இது ஒண்ணே தின்னுட்டு உக்காந்திருக்கு. என்னதான் பண்ணுது?"

"எங்களுக்கென்ன சார் தெரியும்? முக்கியம்னு சொல்வாங்க. வேண்டாம், விட்டுடுங்க."

"உங்களுக்கு என்னைக்கு என்ன தெரிஞ்சிருக்கு?"

நிறுத்தும் கட்டளையைத் தட்டினார். மாமியார் மறைந்தது. அடுத்த நொடி மறுபடி வந்து உச்சியில் நின்றது.

பில் போடுகிறவர் இருமினார். "மாமியாராச்சே, லேசுல போகுமா?"

நிபுணருக்குச் சுருக்கென்றது. இதைத் தட்டி எழுப்பும் இன்னொரு புரோகிராம் எங்கோ இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.

"சொன்னா கேளுங்க, வேண்டாம் சார். முன்னாடி இருந்தவரே இதுல கை வைக்கப் பயப்படுவாரு" என்றாள் அவள்.

"அவன் தொடைநடுங்கி. நான் யாருன்னு பாரு!"

எழுப்புகிறதை முதலில் தீர்த்தார். பிறகு மாமியாருக்கு 'கில் மைனஸ் நைன்', ஈவிரக்கமில்லாத கட்டளை. ஆத்திரம் அடங்காமல் அந்தப் புரோகிராமையே அடியோடு அழித்தார். சர்வர் பறந்தது.

"இதுக்குத்தான் மூளை வேணும்கிறது!"

செல்போன் அடித்தது. முதலாளி! பாராட்டை எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், சர்வர் பறக்குது சார்!"

"பறக்கட்டும்யா! ஒவ்வொருத்தன் ஸ்கிரீனையும் படம் பிடிச்சு என் போனுக்கு அனுப்பிட்டே இருக்குமே, அது ஏன் நின்னுபோச்சு? எவன் கை வெச்சது?"

நிபுணர் ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தார். கணக்கு எழுதும் பெண் போன் பக்கம் குனிந்தாள்.

"நான் வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், சார். ஆபீசே சாட்சி."

"அந்த ஆளை இப்பவே வெளியே போகச் சொல்லு!"

பையைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டும்போது, உள்ளே பில் போடுகிறவரின் குரல் கேட்டது:

"வேண்டாம்னு சொன்னாத்தான் இந்த மனுஷன் செய்வாருன்னு நான் சொன்னேன்ல? அதைச் சொல்ல சீட்டுக் குலுக்கி உன்னை அனுப்பினது வீண் போகலைம்மா!"