பெயரை வளைத்துப்போட்ட ஆள்

"பத்து லட்சம் பேர் ஒரே நேரத்துல வெப்சைட்டுக்கு வந்தாலும் தாங்குமாம்க்கா," என்றான் ஹவுக்கே.

அக்கா ஆல்கே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "இந்த வருஷம் உன் டிரைவிங் ஸ்கூல்ல எத்தனை பேர்டா சேர்ந்தாங்க?"

"மூணு பேர்."

"பலே!"

"அதுல ஒருத்தி போன வருஷம் என்கிட்டயே கத்துக்கிட்டு ஃபெயில் ஆனவ."

ஜெர்மனியின் லேயர் நகரத்துப் பிள்ளைகள் இப்போதெல்லாம் கைபேசியில்தான் டிரைவிங் ஸ்கூல் தேடுகிறார்கள். கோடைக்குள் வெப்சைட் வராவிட்டால் ஹவுக்கே கடையை மூடிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் போட்டிக்காரரிடம் சம்பளத்துக்குப் போகவேண்டியதுதான். இரண்டு வாரம் உட்கார்ந்து, வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்களை ஒப்பிட்டான். எதுவும் புரியவில்லை. இருப்பதிலேயே பெரிய திட்டத்தை வாங்கிவிட்டான்.

"சைக்கிள் நிறுத்த விமான நிலையத்தையே வாடகைக்குப் பிடிச்சிருக்கே. சரி, சைட் எங்கே?"

"பேர் கிடைக்கலைக்கா. ரெவர்ட்ஸ் டிரைவிங் ஸ்கூல்ங்கிற என் ஸ்கூல் பேரை எவனோ முன்னாடியே வளைச்சுப்போட்டிருக்கான்."

"வேற பேர் வைடா."

ஹவுக்கே ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். வாசலில் நின்ற காரின் இரண்டு கதவுகளிலும் அந்த வெப்சைட் முகவரி மஞ்சள் எழுத்தில் பளபளத்தது.

"பேர் கிடைக்குமான்னு பார்க்காமலே ஒட்டிட்டியா?"

"ஸ்டிக்கர் கடைக்காரருக்கு அன்னிக்குத்தான் நேரம் இருந்தது."

"கண்ணாடியைப் பார்க்காம வண்டி எடுக்கிறவன் எல்லாம் வாத்தியார்!"

"அதனாலதான் மூணு பேர்."

ஆல்கே சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "அந்த ஆளோட சைட்டுல என்னதான் இருக்கு?"

"நீல வானம். நடுவுல 'விரைவில்!'னு ஒரே ஒரு சொல். அந்த சைட்டோட மெயில் விலாசத்துக்குத் தினமும் திட்டி மெயில் போடறேன். திருட்டுப் பயலே, ஒரு பக்கத்தை முடிக்கக்கூடத் துப்பில்லையான்னு. நேத்து 'உயிரோடதான் இருக்கியா'ன்னே கேட்டுட்டேன். கல்லு மாதிரி இருக்கான்."

"'இம்ப்ரெஸ்ஸும்' பக்கத்தைப் பார்த்தியா?"

"எதை?"

"டேய், நீயெல்லாம் ஜெர்மன்காரனா? சைட் நடத்துறவங்க பேரையும் விலாசத்தையும் அடியில 'இம்ப்ரெஸ்ஸும்'னு போடலைன்னா மறுநாளே வக்கீல் நோட்டீஸ் வந்து நிக்கும். அந்தப் பயத்துல நம்ம ஆளுங்க சைட்டுல ஒண்ணுமே இல்லாட்டியும் அதை மட்டும் முதல்ல போட்டுடுவாங்க."

"அதையெல்லாம் யாருக்கா படிக்கிறாங்க?"

"வக்கீலுங்க. அப்புறம் நான்."

வானத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் 'இம்ப்ரெஸ்ஸும்' என்ற சொல் இருந்தது. ஆல்கே அழுத்தினாள். பக்கம் திறந்தது.

"எந்த ஊர்க்காரன்க்கா? சொல்லு, இப்பவே போய் ரெண்டு கேள்வி கேட்டுட்டு வரேன்."

ஆல்கே திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

விலாசம், அவர்கள் உட்கார்ந்திருந்த இந்த வீடுதான். பெயர் இம்கே ரெவர்ட்ஸ்: போன வசந்தத்தில், மனைவியின் கல்லறைக் கல்லில் வெட்டுவதற்காக ஹவுக்கே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்த பெயர்.