பிலோமியின் முக்காலி
சாமியார் மந்திரித்துத் தெளித்த தீர்த்தம் கருப்பு பானெட்டில் வெயிலோடு மின்னுகிறது. செகண்ட் ஹேண்ட்தான், ஆனாலும் ராயபுரத்துச் சந்துக்குள் நுழையாத சொகுசு வண்டி. முழங்கால் வலிக்காரி மனைவி பிலோமியை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போக அருள்பிரகாசம் பேசி முடித்தது. வண்டி வருவதற்குள் அவள் கல்லறைக்குப் போய்விட்டாள். “கப்பலாட்டம் கீதுய்யா, எப்டி ஏறுவேன்?” என்று ஃபோனில் படம் பார்த்து அவள் சிரித்ததற்காக, கால் வைத்து ஏற அவரே செய்த மர முக்காலி, இப்போது முன்சீட்டில் இருக்கிறது. “நைனா, அத்த டிக்கில போடேன்,” என்கிறாள் பின்சீட்டிலிருந்து மகள் மெர்லின். வண்டி நகர்ந்ததும் கீங் கீங் என்று கத்துகிறது; பக்கத்திலிருப்பவர் பெல்ட் போடவில்லையாம். “இத்தினி பெரிய வண்டிக்கு ஆளுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெர்ல பாரு,” என்று சிரிக்கப் பார்க்கிறார். பிறகு நிறுத்தி, முக்காலிக்குப் பெல்ட்டை மாட்டுகிறார். சத்தம் அடங்குகிறது. இறுக்கினால் அவளுக்குப் பிடிக்காது என்று கொஞ்சம் தளர்த்தியும் விடுகிறார்.